பைப்பில் வைத்த கை

சிராங்கூன் சாலையிலிருந்து காலாங் ஆற்றுப் பக்கமாக இறங்கும் செம்மண் பாதையில் அந்தக் காலத்தில் அறுபது பலகை வீடுகள் இருந்தன. மூன்று வரிசையாக நின்றதால் எல்லோரும் அதை மூணுவரிசைக் கம்பம் என்றார்கள்; கம்பம் என்றால் மலாய்ப் பேச்சில் கிராமம். மேட்டில் மேல்வரிசை, அதற்குக் கீழே நடுவரிசை, சாக்கடையை ஒட்டிய தாழ்வில் கீழ்வரிசை. பூவம்மா 1952-இல் வேலாயுதத்தைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது கீழ்வரிசையில் இருந்த பதினான்கு வீடுகளில் ஒன்றுக்கு. அவளுடைய மாமனார் மலவாளி தூக்கியவர். பக்கத்து வீட்டு முத்தாயியின் புருஷன் தெருக் கூட்டியவர். அந்த வரிசையில் எல்லோருமே அப்படித்தான். கப்பலேறி வந்த ஜனங்கள் துணிமூட்டையோடு சாதியையும் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். இறங்கிய இடத்தில் மூட்டையை அவிழ்த்து, யார் மேட்டில் இருப்பது, யார் சாக்கடையோரம் இருப்பது என்று பிரித்துக்கொண்டார்கள்.

முதலில் கம்பத்துக்கு ஒரு கிணறுதான். அந்தத் தண்ணீரில் சோறு வடித்தால் சோறு பழுப்பாக இருக்கும். 1955-இல் கோவிந்தசாமி பொதுப் பைப்பு கொண்டுவந்தார். அவர் கப்பல்துறையில் கூலியாட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். மேல்வரிசையில் மூன்றாவது வீடு, கம்பத்துக் கமிட்டித் தலைவரும் அவர்தான். மனு எழுதி, கையெழுத்து வாங்கி, வெயிலில் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி அவர் வாங்கிக்கொண்டு வந்த பைப்பு அது. இதைப் பூவம்மா கடைசி வரையில் மறுத்ததில்லை. பைப்பு வந்த அன்றைக்குக் கீழ்வரிசைப் பிள்ளைகளும் அதன் அடியில் நின்று குதித்தார்கள். மறுநாளே கோவிந்தசாமி பைப்பைச் சுற்றி மரப்பெட்டி அடித்துப் பூட்டுப் போட்டார். பிள்ளைகள் திறந்துவிட்டு ஓடிவிடுகிறார்கள், தண்ணீர் வீணாகிறது என்று காரணம் சொன்னார். காலை ஐந்தரைக்குத் திறப்பார்கள், பொழுது சாய்ந்ததும் பூட்டுவார்கள். முதலில் மேல்வரிசை பிடிக்கும், பிறகு நடுவரிசை, கடைசியில் கீழ்வரிசை.

கீழ்வரிசை பிடித்து முடித்தால், அடுத்த நாள் காலையில் முதல் வாளி வைக்கும் பெண் பைப்பின் வாயைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவுவாள். ஏன் என்று யாரும் சொல்வதில்லை. யாரும் கேட்பதுமில்லை. ஒரே ஒரு முறை பூவம்மா கேட்டாள். முத்தாயி அவள் கையைக் கிள்ளி இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தண்ணீர் நாள் முழுக்க வந்த காலத்தில் கடைசி என்பதற்குக் காத்திருப்பது என்று மட்டும்தான் பொருள். பூவம்மா காத்திருந்தாள். அதற்குள் அவள் பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்திருந்தாள். தரை கழுவுவது, பிள்ளை பெற்ற பெண்களைத் துடைத்துவிடுவது, பிறந்த குழந்தையை முதல் தண்ணீரில் குளிப்பாட்டுவது எல்லாம் அவள் வேலை. கம்பத்துப் பெண்களில் பாதிப்பேர் அவள் கண்ணெதிரில்தான் பிள்ளை பெற்றார்கள். மேல்வரிசை முதல் வீட்டுச் சந்திரமதியும் அதில் ஒருத்தி. அவள் புருஷன் கப்பல்துறை ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி. தீபாவளிக்குக் கீழ்வரிசைப் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பலகாரம் கொடுக்கிற அளவுக்கு மனசு உள்ளவள்தான். ஆனால் பிள்ளைகளின் கையில் விரல் படாமல் ஒரு சாண் உயரத்திலிருந்து போடுவாள்.

1963-இல் மழை பெய்யவில்லை. நீர்த்தேக்கங்களில் அடிமண் தெரிகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். ஏப்ரலில் பங்கீடு தொடங்கியது. ஊரை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து, வாரத்தில் சில நாள் அரைநாளுக்குத் தண்ணீரை நிறுத்தினார்கள். மூணுவரிசைக்கு விழுந்தது திங்கள், புதன், வெள்ளி. அந்த நாட்களில் காலை எட்டு மணிக்கு நின்ற பைப்பு இருட்டிய பிறகுதான் திரும்ப வரும். அப்போது பெட்டி பூட்டியிருக்கும்.

ஜனங்கள் பயத்தில் டிரம் வாங்கிக் குவித்தார்கள். மேல்வரிசையில் வீட்டுக்கு மூன்று, நாலு. தண்ணீர் விடுகிற நாளில்கூட அந்த டிரம்களை நிரப்பி முடிக்கவே பொழுது போய்விடும். பைப்பும் முன்போல் கொட்டவில்லை, விரல் கனத்துக்குத்தான் வந்தது. விடுகிற நாளில் கீழ்வரிசைக்கு வீட்டுக்கு இரண்டு மண்ணெண்ணெய்த் தகரம் கிடைக்கும். நிறுத்துகிற நாளில் அதுவும் இல்லை. முத்தாயி ஆற்றிலிருந்து தூக்கி வந்து துணி துவைத்தாள். பூவம்மா ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு போத்தலில் குடிதண்ணீர் கொண்டுவந்தாள்.

கோவிந்தசாமியிடம் வேலாயுதம் போய்ச் சொல்லிப் பார்த்தான். வேலாயுதம் சாதுவான மனிதன், பேசும்போது பாதி வார்த்தையை விழுங்குவான். எல்லோருக்கும்தான் கஷ்டம், முறை என்று ஒன்று இருக்கிறது, மழை வரட்டும் என்று அவர் பதில் சொல்லி அனுப்பினார். வேலாயுதம் அதை அப்படியே வந்து ஒப்பித்தான்.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, பூவம்மாவின் மகள் லீலா பள்ளிக்கூடத்திலிருந்து பாதி நேரத்தில் திரும்பி வந்தாள். எட்டு வயசு. விரல் இடுக்கிலும் இடுப்பிலும் சிரங்கு. ஆசிரியை ஒரு துண்டுக் காகிதம் கொடுத்து அனுப்பியிருந்தார். பிள்ளையைத் தினமும் நன்றாகக் குளிப்பாட்டி, சிரங்கு ஆறிய பிறகு அனுப்பவும் என்று எழுதியிருந்தது. பூவம்மா அதை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தாள். அன்றைக்குக் காலையில்தான் அவள் ஒன்பது குழந்தைகளைக் குளிப்பாட்டிவிட்டு வந்திருந்தாள், வெந்நீரும் சோப்பும் போட்டு, காது மடலுக்குப் பின்னால்கூட அழுக்கு இல்லாமல். அவளுக்கு அழுகை வரவில்லை. ஆஸ்பத்திரிக்குத் திரும்ப நடந்துபோய், மறுநாள் தன் வேலையை மத்தியானத்துக்கு மாற்றி வாங்கிக்கொண்டு வந்தாள். வேலாயுதத்திடம் எதுவும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு, வெளிச்சம் பரவுகிற நேரத்தில், பூவம்மா இரண்டு தகரத்தோடு மேட்டுக்கு ஏறினாள். பைப்படியில் மேல்வரிசையே பாதிக்கு மேல் பாக்கி நின்றது. அவள் யாரையும் பார்க்கவில்லை. ஒரு வாளி நிறைந்து எடுக்கப்பட்ட இடைவெளியில் தன் தகரத்தை வைத்துவிட்டாள்.

தகரம் பாதி நிறைகிற வரைக்கும் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. சந்திரமதிதான் முன்னால் வந்தாள். தகரத்தின் கைப்பிடியைத் தொடாமல் காலால் சாய்த்தாள். அந்தப் பஞ்சத்தில், பாதித் தகரம் தண்ணீர் சிமெண்டு மேடையில் ஓடிச் சாக்கடைக்குப் போயிற்று.

"உங்க முறை வரும்ல. அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றாள் சந்திரமதி.

பூவம்மா ஓடுகிற தண்ணீரைப் பார்த்தாள். பிறகு பைப்பைத் திருகி மூடினாள். மேடையில் ஏறி உட்கார்ந்து, பைப்பின் பித்தளை வாயைச் சுற்றி வலது கையை வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"தொட்டுட்டேன். இப்பப் பிடிங்க."

அவள் சொன்னது புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. யாரும் பிடிக்க வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. தள்ளி உட்கார்ந்து வழியும் விட்டிருந்தாள். ஆனால் அவள் கை பட்டுக்கொண்டே இருக்கிறவரைக்கும், எத்தனை சாம்பல் போட்டாலும் அந்தப் பைப்பு சுத்தமாகாது. மேல்வரிசைக்கும் நடுவரிசைக்கும் அன்றைக்கு இரண்டே வழிதான். அவள் கை பட்ட தண்ணீரைப் பிடிக்கலாம். அல்லது காலித் தகரத்தோடு வீட்டுக்குப் போகலாம்.

ஒரு பெண் திட்டினாள். ஒருத்தி ஓடிப்போய்க் கோவிந்தசாமியைக் கூட்டி வந்தாள். அவர் பனியனோடு வந்து நின்றார். அறுபத்தைந்து வயசிலும் மண்டோர்க் குரல் போகவில்லை.

"பூவம்மா, கைய எடு."

"எடுக்க மாட்டேங்க."

"எட்டு மணிக்குத் தண்ணி நின்னுடும். அம்பது குடும்பம் காத்துக் கெடக்கு."

"பிடிக்கட்டும். நான் மறிக்கலையே. நாளைக்குக் காலையில சாம்பல் போட்டுக் கழுவுவீங்கல்ல, அத இப்பவே கழுவுங்க. என் கையோட சேத்துக் கழுவுங்க."

சாம்பல் என்ற சொல்லை எட்டு வருஷத்தில் யாரும் கோவிந்தசாமியின் முகத்துக்கு எதிரே சொன்னதில்லை. அவருக்கு அது ஒரு பழக்கம், பெண்கள் பார்த்துக்கொள்கிற காரியம். இப்போது விடிந்த வெளிச்சத்தில் அது நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது. அவர் வேறு பக்கம் திரும்பி, வேலாயுதம் எங்கே என்று அதட்டினார்.

வேலாயுதம் கீழ்வரிசை ஆட்களோடு தூரத்தில் நின்றான். முகம் வெளிறியிருந்தது. வந்துவிடு என்று கையால் சைகை காட்டினான். முத்தாயி தலையில் அடித்துக்கொண்டாள். பூவம்மாவுக்கு இரண்டும் தெரிந்தது. விடக்கூடாது என்று பிடியை இன்னும் இறுக்கினாள்.

யாரோ கூட்டத்தில், ஆஸ்பத்திரியில் பீத்துணி அலசுகிற கை என்று சொன்னார்கள். அதற்குத்தான் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆமா, அலசுற கைதான். இங்க நிக்கிறவங்கள்ள பாதிப் பேரு பிள்ளை பெத்து மயங்கிக் கெடந்தப்ப துடைச்சுவிட்ட கையும் இதுதான். உங்க பிள்ளைங்க மேல மொதல்ல பட்ட தண்ணி இந்தக் கையால ஊத்துன தண்ணி. அன்னிக்கு யாரும் சாம்பல் கேக்கலையே."

யாருடைய பேரையும் அவள் சொல்லவில்லை. சந்திரமதி இடுப்பிலிருந்த குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

ஏழு மணி இருக்கும். ஹலீமா சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த டாக்ஸிக்காரரின் மனைவி. அவள் வீட்டுப் பைப்பில் தண்ணீர் ஏறாத நாட்களில் இங்கே வந்து இரண்டு வாளி பிடித்துக்கொண்டு போவாள், கோவிந்தசாமி ஒன்றும் சொல்லமாட்டார். அன்றைக்கும் வந்தாள். கூட்டத்தையும் பூவம்மாவையும் பார்த்தாள். என்ன விஷயம் என்று பக்கத்தில் நின்றவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு நேரே போய் வாளியைக் கீழே வைத்தாள்.

"அக்கா, கொஞ்சம் திறக்கிறேன் லா. பிள்ளைங்களுக்கு ஸ்கூல் போவணும்."

பூவம்மா தலையசைத்தாள். ஹலீமா திருகினாள். தண்ணீர் பூவம்மாவின் விரல்களின் மேல் வழிந்து வாளியில் இறங்கியது. அறுபது பேர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு வாளியும் நிறைந்தது. ஹலீமா தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வானம் இடிந்து விழவில்லை.

அடுத்து வந்தவள் நடுவரிசைக் கமலா. கைக்குழந்தைக்காரி, புருஷன் தமிழ்ப் பள்ளிக்கூட வாத்தியார். மாமியார் பின்னாலிருந்து முந்தானையைப் பிடித்து இழுக்க, அவள் உதறிவிட்டு வந்து குடத்தை வைத்தாள். அவளுக்குப் பின்னால் நடுவரிசையில் ஆறேழு பேர் வந்தார்கள், முத்தாயி சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டே வந்தாள், கீழ்வரிசை வந்தது.

ஏழே முக்காலுக்குத் தண்ணீர் இலாகா இன்ஸ்பெக்டர் அப்துல் கஃபார் சைக்கிளில் வந்து இறங்கினார். பங்கீட்டு நாட்களில் பைப்பு ஒழுகுகிறதா என்று பார்க்க வருவார். கோவிந்தசாமி அவரிடம் போய், ஒரு பொம்பளை பொதுப் பைப்பைப் பிடித்துக்கொண்டு அழிச்சாட்டியம் பண்ணுகிறாள் என்று புகார் சொன்னார். கஃபார் முதலில் பூவம்மாவைப் பார்த்தார். அப்புறம் மரப்பெட்டியைப் பார்த்தார், அதில் தொங்கிய பூட்டைப் பார்த்தார். இது யார் போட்டது என்று கேட்டார். வீணாகாமல் இருக்கக் கமிட்டி போட்டது என்றார் கோவிந்தசாமி. அதைப் பார்த்துக்கொள்ளத்தான் என்னை அனுப்புகிறார்கள், பூட்டை எடுத்துவிடுங்கள் என்றார் கஃபார். பூவம்மாவிடம் அவளும் கையை எடுக்க வேண்டும் என்றார்.

"எடுக்கிறேன் சார். வந்த வரிசைப்படி பிடிக்கலாம்னு அவுங்க வாயால சொல்லட்டும்."

கஃபார் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அது என் வேலையில் சேராது என்றார். அவர் சைக்கிள் ஏறிப் போன சிறிது நேரத்தில் பைப்பு இருமியது, காற்றை விட்டது, நின்றது. பூவம்மா அப்போதுதான் கையை எடுத்தாள். விரல்கள் வெளுத்துச் சுருங்கி, மடக்க வரவில்லை. மேல்வரிசையில் பாக்கி நின்ற ஒரு வீடும் பிடித்திருக்கவில்லை.

கீழ்வரிசை பிடித்தபோது அவளும் தன் இரண்டு தகரத்தையும் நிரப்பி ஓரமாக வைத்திருந்தாள். வீட்டுக்குக் கொண்டுபோய், அடுப்பில் சூடாக்கி, வேப்பிலை போட்டு லீலாவை நிற்க வைத்துக் குளிப்பாட்டினாள். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. அப்புறம் சேலை மாற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அதற்கான விலையைக் கொடுத்தது வேலாயுதம். அவன் கப்பல்துறையில் தினக்கூலி. காலையில் மண்டோர் பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் வேலை. அந்த மண்டோர், கோவிந்தசாமியின் மைத்துனன். வியாழக்கிழமை வேலாயுதத்தின் பேரைக் கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமையும் இல்லை. மனைவியை அடக்கத் தெரியாதவனுக்கு எதற்கு மூட்டை என்று மண்டோர் மற்றவர்கள் முன்னால் சிரித்தாராம். வேலாயுதம் வந்து வாசலில் உட்கார்ந்தான். சாப்பாட்டைத் தொடவில்லை. நீ பிடித்த பிடியில் என் கையைக் காலி பண்ணிவிட்டாய் என்றான். அவன் சொன்னது உண்மை என்று பூவம்மாவுக்குத் தெரியும். மேல்வரிசையும் வந்து பிடிக்கிற வரைக்கும் போவேன் என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவன் அவளோடு பேசவில்லை. ஆனால் அடுத்த திங்கட்கிழமை அவள் மேட்டுக்கு ஏறியபோது, பின்னால் தகரம் மோதுகிற சத்தம் கேட்டுத் திரும்பினால், வேலாயுதம் இரண்டு கையிலும் காலித் தகரத்தோடு வந்துகொண்டிருந்தான். சும்மாதானே கிடக்கிறேன் என்பதுபோல் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமையே நடுவரிசை முழுக்க அவள் கைக்கடியில் பிடித்திருந்தது. திங்கட்கிழமை மேல்வரிசை வர ஆரம்பித்தது. டிரம்கள் வறண்டுவிட்டன. விடுகிற நாளில் பிடிக்கலாம் என்று பார்த்தால், அந்த நாட்களிலும் கீழ்வரிசைப் பெண்கள் காலை ஐந்தரைக்கே வந்து வரிசையில் நின்றுவிட்டார்கள், அவர்கள் தொட்ட பைப்பில்தான் பிடிக்க வேண்டியிருந்தது. அவர்களை விலக்கி அனுப்ப யாருக்கும் வாய் வரவில்லை. சந்திரமதி எல்லோருக்கும் கடைசியாக வந்தாள். எட்டு மணிக்குச் சில நிமிஷம் இருந்தது. அவள் குடத்தை வைத்துவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் பூவம்மாவின் விரல்மேல் விழுந்து குடத்துக்குள் போயிற்று. முக்கால் குடம் ஆனதும் பைப்பு நின்றுவிட்டது. சந்திரமதி குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பூவம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அதற்குப் பிறகு அவள் பைப்படியில் உட்கார வேண்டியிருக்கவில்லை.

வந்த வரிசைதான் என்று கோவிந்தசாமி ஒருநாளும் அறிவிக்கவில்லை. அவரால் முடிந்தது, பூட்டைத் திரும்பப் போடாமல் இருந்தது. மேல்வரிசையில் சிலர் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தண்ணீரில் மஞ்சள் தெளித்துக்கொண்டார்கள் என்று கமலா சொன்னாள். அது அவர்கள் வீட்டுக்குள் இருக்கிற வரையில் எனக்கென்ன என்றாள் பூவம்மா. விடியற்காலை வேலைக்குப் போகிறவர்கள், எந்த வரிசையானாலும், முதலில் பிடிக்கட்டும் என்று அவள் சொன்னதை மெல்ல எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். மேல்வரிசையிலும் விடியற்காலை பஸ் பிடிக்கிறவர்கள் இருந்தார்கள். வேலாயுதத்தை மூன்று வாரம் கழித்து வேறொரு மண்டோர் தன் கும்பலில் சேர்த்துக்கொண்டார்.

1964 தொடக்கத்தில் மழை கொட்டியது, பங்கீட்டை நிறுத்தினார்கள். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் கீழ்வரிசையிலிருந்தும் ஒருவர் வேண்டும் என்று கமலாவின் புருஷன் எழுந்து சொல்ல, எல்லோரும் வேலாயுதத்தின் பேரை எழுதப் போனார்கள். பைப்பில் கை வைத்தது நானில்லை, அவளைப் போடுங்கள் என்றான் வேலாயுதம். அவன் அத்தனை பேர் முன்னால் ஒரு வாக்கியத்தை விழுங்காமல் முடித்தது அன்றைக்குத்தான். கமிட்டியில் பூவம்மா ஒருத்திதான் பெண்.

அவளும் கமலாவும் இரண்டாவது பைப்பு கேட்டு மனு எழுதினார்கள். ஒரு வருஷம் இழுத்து, 1965-இல் அனுமதி வந்தது. எங்கே வைப்பது என்று கேட்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூட்டம் போட்டார்கள். கோவிந்தசாமி எழுந்து, கீழ்வரிசை ரொம்ப நாளாகக் கஷ்டப்படுகிறது, அவர்கள் வாசலிலேயே வைத்துவிடுவோம், அவர்களுக்கென்று தனியாக இருக்கட்டும் என்றார். அன்பாகத்தான் சொன்னார். மேல்வரிசை முழுக்கக் கையைத் தூக்கியது. கீழ்வரிசை அதைவிடச் சந்தோஷமாகத் தூக்கியது. வேலாயுதமும் தூக்கினான்.

பூவம்மா மட்டும் வேண்டாம் என்றாள். நடுவரிசையில், எல்லோரும் வருகிற இடத்தில் வையுங்கள் என்றாள்.

முத்தாயிக்குக் கோபம் வந்துவிட்டது. "வாசல்ல தண்ணி வருது, வேணாங்கிறியே. உனக்குக் கிறுக்கா?"

"நம்மள மேட்டுக்கு வரவேணாம்னு சொல்றாங்க அத்தே. அதத் தண்ணியக் குடுத்துச் சொல்றாங்க."

"சொன்னா சொல்லட்டும். எனக்கு முட்டி வலிக்குது."

வாக்கெடுப்பில் அவள் தோற்றாள். பைப்பு கீழ்வரிசையில், முத்தாயியின் வாசலுக்கு நேரே வந்தது. பூவம்மா அதில் ஒரு வாளி பிடிக்கவில்லை. தினமும் இரண்டு தகரத்தோடு புதுப் பைப்பைத் தாண்டி மேட்டுக்கு ஏறி, பழைய பைப்பில் மேல்வரிசைப் பெண்களோடு நின்று, பிடித்துக்கொண்டு இறங்குவாள். அவள் வரிசையே அவளைப் பார்த்துச் சிரித்தது. பிள்ளைகள்கூடக் கேலி பேசினார்கள். லீலா அம்மாவோடு நடக்க வெட்கப்பட்டாள். எட்டு மாசம் அவள் அப்படி ஏறி இறங்கினாள், தோள் காய்த்துப்போனது. மேல்வரிசைப் பெண்களுக்கு அவள் ஏன் வருகிறாள் என்று நன்றாகத் தெரியும். யாரும் வராதே என்று சொல்லவில்லை.

அதற்குள் சுற்றிலும் புதுக் கட்டடங்கள் எழுந்தன. அடுத்த வருஷம் காலை வேளையில் மேட்டுப் பைப்பில் தண்ணீர் நூலாக இறங்கியது. தாழ்வில் இருந்த கீழ்வரிசைப் பைப்பில் மட்டும் நன்றாகக் கொட்டியது. சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மேல்வரிசைப் பெண்கள் குடத்தோடு கீழே இறங்கி வந்தார்கள். முதலில் வந்தவள் சந்திரமதி.

முத்தாயி வாசலில் நின்று, எங்கள் பதினான்கு வீடும் பிடித்து முடித்த பிறகு நீங்கள் பிடிக்கலாம் என்றாள். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். ஒருத்தி உள்ளே போய் ஒரு சிரட்டையில் அடுப்புச் சாம்பல் அள்ளி வந்து பைப்பு மேடையில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தாள். சந்திரமதி அதைப் பார்த்தாள். அவள் முகம் சிவந்து கறுத்தது. ஆனால் திரும்பிப் போகவில்லை, வீட்டில் காய்ச்சல்காரப் பிள்ளை.

பூவம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் சத்தம் கேட்டு வந்தாள். சிரட்டையைத் தூக்கிச் சாக்கடையில் கொட்டினாள். தன் தகரத்தை எடுத்து வந்து சந்திரமதியின் குடத்துக்குப் பின்னால் வைத்தாள். புதுப் பைப்பில் அவள் தகரம் வைத்தது அதுதான் முதல் தடவை.

"வந்த வரிசை," என்றாள்.

"உன் தண்ணியக் காலால கொட்டுனவ அவ," என்றாள் முத்தாயி.

"கொட்டுனா. எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அதனாலதான் சொல்றேன்."

"நாங்க எத்தன வருஷம் நின்னோம்? ஒரு நாளு அவங்க நிக்கக்கூடாதா?"

பூவம்மாவுக்கு அந்தக் கேள்வி சுட்டது. முத்தாயியின் வயசும் முட்டியும் கிணற்றடியில் அவள் பட்ட பேச்சும் எல்லாம் அதற்குள் இருந்தன. நிற்கட்டும் என்று சொல்ல அவளுக்குள்ளும் ஒரு வாய் இருந்தது. ஆனால் அவள் நகரவில்லை. கூச்சல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பஸ் போய்விட்டது. சந்திரமதி முறை வந்ததும் பிடித்தாள், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மேடேறினாள். நன்றி சொல்வாள் என்று பூவம்மா எதிர்பார்க்கவுமில்லை. ஆஸ்பத்திரியில் அன்றைக்கு அரைநாள் விடுப்பு எழுதினார்கள்.

முத்தாயி இரண்டு வருஷம் அவளோடு பேசவில்லை. 1968-இல் கம்பத்தை இடிக்கப் போவதாகக் காகிதம் வந்தது. எல்லோரும் தோ பாயோவில் அடுக்குமாடி வீட்டுக்குப் பேர் பதிய வேண்டும் என்றார்கள். முத்தாயிக்கு ஆபீஸ் என்றால் பயம். ஒருநாள் காலையில் அவள் பூவம்மாவின் வாசலில் வந்து நின்று, கூட வருகிறாயா என்று கேட்டாள். பூவம்மா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

ஆபீஸில் இளவயசுக் கிராணி ஒருவர் பாரத்தை வைத்துக்கொண்டு, முத்தாயியை ஏறிட்டும் பார்க்காமல், கிழவிக்கு எத்தனை அறை வேண்டும், மாடி ஏற முடியுமா என்று பூவம்மாவிடம் கேட்டார்.

"அவங்க உங்க முன்னாடிதான் நிக்கிறாங்க," என்றாள் பூவம்மா. "அவங்களையே கேளுங்க."

கிராணி தலையைத் தூக்கினார். முத்தாயி முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைக் கனைத்து, தன் பேரையும் தகப்பன் பேரையும் சொன்னாள். லிப்டு இருந்தால் எத்தனையாவது மாடியானாலும் சரி என்றாள்.